மலை ஏறும் பள்ளம்

மழை விட்ட மறுநாள் மலையடிவாரத்துக் கானாறு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து மாணவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. முதல் நாள் மாலை செந்நிற வெள்ளம் இரைச்சலோடு ஓடியிருக்கும். மறுநாள் காலை கணுக்கால் அளவு நீர். மூன்றாம் நாள் வெறும் மணல். வெள்ளம் வந்து போனதற்கு வேறு அடையாளமே இல்லை என்று நாம் நினைத்துக் கொள்வோம்.

ஆனால் கானாற்றின் வழியே மேல்நோக்கி நடந்து சென்றால் ஓர் அடையாளம் தென்படும். கானாற்றில் வந்து சேரும் சிறு பள்ளங்களின் தலைப்பகுதியில் மண் புதிதாகச் சரிந்து கிடக்கும். சென்ற மழைக்கு முன் ஆடு மேய்ந்த புல்தரை அங்கே இரண்டு அடி உள்வாங்கியிருக்கும். நீர் மேலிருந்து கீழே பாய்கிறது. அந்த நீர் வெட்டிய பள்ளமோ கீழிருந்து மேலே ஏறுகிறது! இந்த முரண்பாட்டைப் புரிந்து கொண்டால், மலைச்சரிவில் மண் அரிப்பை எங்கே தேடுவது, எங்கே தடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் இந்த வட்டாரத்தின் அமைப்பைப் பார்ப்போம். பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கடலில் கலக்கிறது. ‘ஓடி’ என்பது மரியாதைக்குச் சொல்வதுதான். ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அது மணல் ஆறு. நீர் மணலுக்கு அடியில் இருக்கிறது. ஆற்றின் தெற்கே ஏலகிரியும் ஜவ்வாது மலையும், வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகளும் நிற்கின்றன. ஆம்பூர்ச் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏலகிரி மேல் உள்ள ஊர்களோ ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளன. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நீர் இவ்வளவு உயரம் இறங்கியாக வேண்டும். பாறைமேல் மெல்லிய போர்வைபோல் கிடக்கும் மணல் கலந்த செம்மண்தான் அதன் வழியில் இருக்கிறது.

2019-ல் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை இந்த வட்டாரம் முழுவதும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது. இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. கானாறுகள் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

தோல் பதனிடும் தொழிலுக்கு நீர் மிகுதியாக வேண்டும். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க 30 முதல் 40 லிட்டர் வரை செலவாகும் என்பது பொதுக் கணக்கு. தொழிற்சாலைக்கும், தென்னந்தோப்புக்கும், வீட்டுக் குழாய்க்கும் இங்கே நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே வருகிறது. பதனிடும் கழிவுநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. கழிவுநீரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் நல்ல நீர் எங்கிருந்து வந்து சேர வேண்டும், ஏன் வந்து சேரவில்லை என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மழைநீர் பள்ளங்களின் வழியே இரண்டு மணி நேரத்தில் இறங்கிப் போய்விட்டால் மண்ணுக்குள் நுழைய அதற்கு நேரம் எங்கே?

பள்ளம் பிறக்கும் விதம்

மழைத்துளி வெறும் மண்ணில் விழும்போது சிறு வெடிபோல் மண்ணைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக் கொள்கின்றன. மேற்பரப்பு மெழுகியதுபோல் ஆகிறது. நீர் உள்ளே இறங்காமல் பரவி வழிகிறது. அப்படி வழியும் நீர் மெல்லிய படலமாக மண்ணைச் சுரண்டிப் போவதைப் படல அரிப்பு என்பர். கண்ணுக்குத் தெரியாத திருட்டு இது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் அதன் எடை சுமார் 13 டன்! உழவருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்ததே தெரியாது.

பரவிய நீர் எங்கும் ஒரே அளவாக ஓடாது. தாழ்வான இடங்களில் கூடி விரல் அகலக் கோடுகளை வரைகிறது. இது சிற்றோடை அரிப்பு. ஏர் ஓட்டினால் இக்கோடுகள் அழிந்துவிடும். அழிக்காமல் விட்டால் சில கோடுகள் மற்றவற்றின் நீரையும் பிடித்துக் கொண்டு ஆழமாகின்றன. ஏர் ஓட்டியும் அழிக்க முடியாத ஆழம் வந்துவிட்டால் அதுவே பள்ள அரிப்பு. இளம் பள்ளங்கள் குறுக்குவெட்டில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலவும், அடிமண் இளகலாக உள்ள இடத்துப் பள்ளங்கள் ‘யு’ எழுத்தைப் போலவும் இருக்கும். இவை முற்றிப் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குச் சம்பல் ஆற்றின் கரைகளே சாட்சி. அங்கே ஊர்களையும் வயல்களையும் பள்ளத்தாக்குகள் தின்றிருக்கின்றன. நம் மலையடிவாரம் அந்த நிலைக்கு வரவில்லை. மண் போர்வை இங்கே மெலிது, சீக்கிரமே பாறை தட்டிவிடும். அதில் மகிழ்வதற்கு ஒன்றும் இல்லை. பாறை தட்டிய இடத்தில் மறுபடி எதுவும் முளைக்காது.

இந்தியா முழுவதற்கும் துருவ நாராயணா, ராம் பாபு என்ற இரு அறிவியலார் 1983-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். ஆண்டுதோறும் 533 கோடி டன் மண் இடம் பெயர்கிறது. சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன்னுக்குச் சற்று மேல். அதில் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது, மீதி வேறு நிலங்களில் போய்க் கிடக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

ஏன் மேலே ஏறுகிறது?

பள்ளத்தின் தலையில் ஒரு சிறு நீர்வீழ்ச்சி இருப்பதைக் கவனியுங்கள். மேலே சரிவில் மெதுவாக வந்த நீர் அங்கே செங்குத்தாக விழுகிறது. இரண்டு மீட்டர் விழுந்தால் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 6 மீட்டர். அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர், சைக்கிளை முழு வேகத்தில் மிதிப்பதற்குச் சமம். விழுந்த இடத்தில் அது குழி பறிக்கிறது. குழியிலிருந்து திரும்பித் தெறிக்கும் நீர் சுவரின் அடியைக் குடைகிறது. மேல்மண்ணைப் புல்வேர்கள் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கின்றன. பிறகு கூரைபோல் நிற்கும் அந்த மண் ‘பொத்’தென்று சரிகிறது. சரிந்த மண்ணை அடுத்த வெள்ளம் வாரிக்கொண்டு போகிறது. நீர்வீழ்ச்சி ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டது. இப்படியே ஒவ்வொரு மழைக்கும்.

ஓடும் நீரின் வலிமையைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்காவதில்லை. 2-ஐ ஆறு முறை பெருக்கி வரும் 64 மடங்கு ஆகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட விதி இது. இதையே தலைகீழாகப் படித்துப் பாருங்கள்: நீரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டால், அது உருட்டும் கல்லின் எடை அறுபத்து நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பள்ளத்தைத் தடுக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

எவ்வளவு நீர் வரும்? பத்து ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் சரிவு ஒன்று ஒரு பள்ளத்தில் வடிகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மொத்தம் 30 இலட்சம் லிட்டர். செடிகொடி குறைந்த சரிவில் இதில் 40 விழுக்காடு வழிந்தோடும் என்றால் 12 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூறு, ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பள்ளத்தில் கொட்டுவதைப்போல! கோடையில் ஊருக்குள் ஒரு லாரித் தண்ணீர் என்ன விலைக்குப் போகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஆவாரஞ்செடியின் கதை

சரிவில் செடிகொடி ஏன் குறைந்தது என்று கேட்டால், தோல் தொழிலின் பழைய வரலாற்றையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். குரோமிய உப்பு வருவதற்கு முன் தமிழ்நாட்டுத் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையைத்தான் நம்பியிருந்தனர். அந்தப் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள ‘டானின்’ என்னும் துவர்ப்புப் பொருளே தோலை அழுகாமல் காத்தது. ஐரோப்பியச் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர் பெற்றது இப்படிப் பதனிட்ட தோல்தான். பட்டையை உரிக்க ஆவாரஞ்செடியை வெட்டியாக வேண்டும்.

ஆவாரை எப்படிப்பட்ட செடி? வறண்ட செம்மண்ணிலும் சரளையிலும் வளரும். ஆடு மாடுகள் அதை விரும்பித் தின்பதில்லை. ஆகவே மற்றச் செடிகள் மேய்ச்சலில் அழிந்த சரிவிலும் மண்ணைப் பிடித்துக் கொண்டு நிற்கக்கூடியது அதுதான். அதையும் வெட்டினால் காவலுக்கு யாரும் இல்லை. பின்னாளில் தென் ஆப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. 1970-களுக்குப் பின் குரோம் முறை பெருமளவில் பரவியது. ஆவாரைக்கு ஓய்வு கிடைத்தது. மலை மொட்டையானதற்குத் தோல் தொழில் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். விறகு, மேய்ச்சல், கோடைத் தீ, செங்குத்தான சரிவில் வரப்பில்லாத உழவு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

படத்தில் தேடுவது

இனி ஒரு பள்ளத்தை எப்படிப் படமாக்குவது என்று காண்போம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். துறையின் பழைய எண் முறைப்படி ஆம்பூர் ‘57 எல்/9’ என்ற தாளிலும், வேலூர் ‘57 பி/1’ என்ற தாளிலும் வருகின்றன. (இந்த ‘பி’, ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாவது எழுத்து.) தாளில் பழுப்பு நிறத்தில் நெளிந்து செல்பவை சம உயரக் கோடுகள். ஒரு கோட்டின்மேல் உள்ள எல்லா இடங்களும் ஒரே உயரம்; அடுத்த கோடு 20 மீட்டர் மேலே அல்லது கீழே. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து. கோடுகள் மலையுச்சியை நோக்கிக் கூர்மையாக வளைந்தால் அங்கே நீர் வழி; கீழ்நோக்கி வளைந்தால் மேட்டு முதுகு. மேட்டு முதுகுகளைப் பென்சிலால் தொடுத்துக் கொண்டே வந்தால் ஒரு மூடிய வளையம் கிடைக்கும். அதுதான் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதற்குள் விழும் ஒவ்வொரு துளியும் ஒரே வாய் வழியாகத்தான் வெளியே வர முடியும்.

ஆனால் இந்தப் படத்தில் பள்ளம் தெரியுமா? நாம் எடுத்துக் கொண்ட பத்து ஹெக்டேர், தாளில் 0.4 சதுர சென்டிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. மூன்று மீட்டர் அகலப் பள்ளம் 0.06 மில்லிமீட்டர் கோடாகிவிடும். பேனா முனையைவிட மெல்லியது! விண்ணிலிருந்து பார்த்தால்? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதியை அளந்தது. 2005-ல் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1 இரண்டு காமிராக்களால் நிலத்தை இரு கோணங்களில் படமெடுத்து உயரம் கணக்கிட உதவியது. இவற்றிலிருந்து செய்த உயரப் படங்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும் அவற்றில் ஒரு கட்டம் பொதுவாக 30 மீட்டர் அகலம். நீர் எங்கே கூடும் என்று அவை சொல்லும். அங்கே பள்ளம் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று சொல்லா. ஆளில்லாச் சிறு விமானத்தில் காமிராவை ஏற்றினால் சில சென்டிமீட்டர் வரை தெரியும். அதுவும் புதருக்கு அடியில் உள்ளதைக் காட்டாது.

ஆகவே கடைசியில் கால்தான் கருவி. படத்தில் குறித்த நீர் வழிகளில் நடந்து, ஒவ்வொரு பள்ளத்தின் தலையையும் குறிக்க வேண்டும். சுவர் செங்குத்தாக, புதுமண் நிறத்தில், வேர்கள் தொங்க, மேலே தரையில் வெடிப்போடு இருந்தால் அது வளரும் பள்ளம். சுவர் சாய்ந்து, தரையில் புல் பிடித்திருந்தால் அது தானாகவே ஆறிவரும் பள்ளம். அதைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ஆழம், அகலம், நீளத்தை நாடாவால் அளக்கலாம். அடித்தளத்தின் சரிவை அளக்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் ‘டியூப் லெவல்’ போதும். நீர் நிரப்பிய ஒளி புகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் அல்லவா? இரண்டு கம்புகளில் அந்த மட்டத்தைக் குறித்தால் உயர வேறுபாடு தெரிந்துவிடும்.

மேலிருந்து கீழே

பலரும் செய்யும் தவறு, பள்ளத்தின் வாயில் பெரியதாக ஒரு சிமெண்டு அணை கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. படமெடுக்க அது அழகாகத்தான் இருக்கும். சில மழைக்காலத்தில் மணல் நிறைந்துவிடும். மேலே தலைப்பகுதி தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். வேலை தொடங்க வேண்டிய இடம் தலைக்கும் மேலே, நீர்ப்பிடிப்பின் உச்சி.

அங்கே சம உயரக் கோட்டின் வழியே சிறு குழிகள் வெட்டுவார்கள். 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் ஒரு குழி 500 லிட்டர் பிடிக்கும். நம் கணக்கில் வந்த 12 இலட்சம் லிட்டரையும் குழிகளிலேயே பிடிக்க 2,400 குழிகள் வேண்டும், ஹெக்டேருக்கு 240. வெட்டலாம்தான், ஆனால் சரிவையே கொத்திக் கிளறியதாகிவிடும். பாதி வேலையைச் செடிகளிடம் விடுவது புத்திசாலித்தனம். ஆவாரை, விராலி, புல் ஆகியவை மூடி வளர்ந்து, வழிந்தோடும் நீர் 40 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தால் குழிகளின் எண்ணிக்கையும் பாதியாகிவிடும்.

அடுத்து தலைப்பகுதி. அதற்குச் சற்று மேலே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, வரும் நீரைப் பாறையுள்ள பக்கம் திருப்பிவிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் செங்குத்துச் சுவரைச் சாய்வாகச் சீவி, கற்களைப் பதித்துவிட வேண்டும். நீர் விழாமல் வழிந்து இறங்கும்.

பிறகுதான் பள்ளத்துக்குள் கற்தடுப்புகள். சிமெண்டு வேண்டாம், கிடைத்த கற்களைக் கோத்து அடுக்கினால் போதும். உயரம் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அடித்தளத்திலும் இரு கரைகளிலும் ஓரடிக்குக் குறையாமல் தோண்டிக் கற்களைப் புதைக்க வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இது மிக முக்கியம். நடு உயர்ந்துவிட்டால் நீர் கரைப் பக்கம் ஒதுங்கி, தடுப்பைச் சுற்றிக் கொண்டு புதுப் பள்ளம் வெட்டிவிடும். நீர் விழும் கீழ்ப்பக்கத்தில் தட்டைக் கற்களைப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் தலையில் நடந்த அதே குடைவு இங்கே தடுப்பின் காலடியில் நடக்கும்.

ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம்? மேல் தடுப்பின் அடியும், கீழ்த் தடுப்பில் நீர் வழியும் தாழ்ந்த நடுப்பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தின் சரிவு 100 மீட்டருக்கு 8 மீட்டர், தடுப்பின் உயரம் 80 சென்டிமீட்டர் என்றால் இடைவெளி 10 மீட்டர். 120 மீட்டர் பள்ளத்துக்குப் பன்னிரண்டு தடுப்புகள். மண் படிந்து நிறைந்த பின் பள்ளம் சரிவாக இராது, படிக்கட்டாகிவிடும். படிகளில் வந்த ஈர மண்ணில் வெட்டிவேரோ நொச்சியோ நட்டால் கற்களுக்கு இனி அதிக வேலை இல்லை.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதி இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் இந்தச் சிற்றாறு பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. கணியம்பாடி வட்டாரத்தில் தொடங்கி, ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள் சரிவுகளில் கற்தடுப்புகளும், ஓடையில் நீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டு கிணறுகளும் அமைத்தனர். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. மேலே தடுப்பில்லாவிட்டால் கீழே கிணற்றை வண்டல் அடைத்துவிடும். நிலத்தடி நீர் உயர்ந்தால் பாலாற்றுக் கழிவுநீர்ச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். சுத்திகரிப்புக்கு அது மாற்றாகாது. நீர் இருந்தால்தானே அதைக் கெடாமல் காப்பது பற்றிப் பேச முடியும் என்பதே இதில் உள்ள நியாயம்.

நீங்களும் ஒரு பள்ளத்தை அளந்து பார்க்கலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போக வேண்டாம். ஊர்ப் புறம்போக்கிலோ வயல் ஓரத்திலோ ஒன்று நிச்சயம் இருக்கும். மழை பெய்யும்போது அருகில் போகக்கூடாது. செங்குத்துச் சுவரின் விளிம்பிலும் நிற்கக்கூடாது, அது அடியில் குடைந்திருக்கும். ஆசிரியரோடு சென்று, பள்ளத்தின் தலையிலிருந்து சரியாக 5 மீட்டர் மேலே தரையில் ஒரு முளை அடித்துச் சாயம் பூசுங்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் பின் முளையிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, மழை அளவோடு நோட்டில் குறியுங்கள். 5 மீட்டர் 4 மீட்டர் 60 சென்டிமீட்டராகக் குறைந்தால் பள்ளம் 40 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. தலைப்பகுதி 3 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ளதானால், போன மண் 1.8 கனமீட்டர், எடையில் இரண்டரை டன். அது எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால், அந்த ஓடை வந்து விழும் ஏரியின் வாய்ப்பகுதியில் போய்ப் பாருங்கள்.